நேற்று இருந்தவன் இன்று எங்கே?

அன்ரன் செத்துப்போனான்.

காலையில் பழைய நண்பர் ஒருவர் வட்ஸ்அப்பில் அவ்வளவுதான் அனுப்பியிருந்தார். எந்த அன்ரன் என்று கேட்டேன். "நெட்டை. ரொறன்ரோவில. ஹார்ட்" என்று பதில் வந்தது.

போர்க்காலத்தில் மன்னாரில் ஒரு நிவாரண நிறுவனத்தில் இருவரும் ஒரே அறையில் வேலை செய்தோம். ஒரு சேர்வர், இரண்டு கதிரை, கரண்ட் போனதும் கத்தத் தொடங்கும் ஒரு யூபிஎஸ்...

படகில் இந்தியாவுக்குப் போனவர்கள் கரை சேர்ந்தார்களா என்று அவர்களின் பெயரைப் போட்டு வீட்டார் தேடுவதற்கு எங்களிடம் ஓர் இணையப் பக்கம் இருந்தது. பேர்ள் என்ற நிரல்மொழியில் எழுதியது. எழுதியவர் கொழும்புத் தலைமையகத்தில் இருந்த ஒரு பெரியவர். இப்போது வெளிநாட்டில் இன்னும் பெரியவர். பெயர் சொல்லவில்லை, இதை அவர் வாசிப்பார்.

அவர் திருத்தம் அனுப்பும்போதெல்லாம் பக்கம் விழுந்துவிடும். 'இன்டேர்னல் சேர்வர் எரர்'. நான் பழைய கோப்பைத் திரும்பப் போட ஓடுவேன். அன்ரன் விடமாட்டான். "பொறு மச்சான். ஏன் விழுந்ததெண்டு பாக்காமல் எழுப்பாத."

சேர்வரின் பிழைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊர்ப் புதினம் கேட்கிற ஆள் மாதிரி வாசிப்பான். அவர் விண்டோஸில் சேமித்து அனுப்புவதால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வருகிறது... பேர்ள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முதல் வரியே அதனால் சேர்வருக்கு விளங்கவில்லை. அதைக் கண்டுபிடித்த அன்று மத்தியானம் சாப்பிடக்கூட மறந்துவிட்டான். அவ்வளவு சந்தோஷம்.

கொழும்புக்கு எழுதினோம். கோளாறு உங்கள் சேர்வரில்தான் என்று பதில் வந்தது. அந்த ஈமெயிலை நான் இன்னும் அழிக்கவில்லை.

பிறகு ஸ்ரெல்லா அக்கா.

பள்ளிமுனையில் இருந்து ஒவ்வொரு நாளும் நடந்து வருவா. இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து பத்தொன்பது வயது மகனைப் படகேற்றி அனுப்பியிருந்தா. அந்த நாட்களில் எல்லாப் படகும் அக்கரை சேரவில்லை.

ஒரு நாள் எங்கள் இணையப் பக்கத்தில் அவன் வந்தான். சூசை சேவியர், வயது பத்தொன்பது, இந்தியாவில் அகதி முகாமில் பதிவு. அக்கா அழுதுகொண்டே எங்களுக்கு மிக்சர் வாங்கித் தந்தா.

அடுத்த நாள் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தா, காட்டுவதற்கு. அதே பெயரைப் போட்டோம். சூசை சேவியர், வயது ஐம்பத்திரண்டு.

திரும்பப் போட்டோம். ஐம்பத்திரண்டு.

"தம்பி, நேற்று இருந்தவன் இண்டைக்கு எங்க?" என்று அக்கா கேட்டா. சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் கொழும்புக்கு ஃபோன் எடுத்தேன். அந்த அம்மா நேற்றுப் பிழையாக வாசித்திருப்பா என்றார் பெரியவர். நேற்று வாசித்துக் காட்டியதே நான்தான் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அன்ரன் பிழைப் பதிவைப் பார்த்தான். ஒன்றுமே இல்லை. பேர்ள் முறையிடவில்லை, சேர்வர் முறையிடவில்லை, எல்லாம் ஒழுங்கு என்கிறது. "பிழை விடுது, ஆனா சொல்லேல்ல..." என்று முணுமுணுத்துக்கொண்டு கதிரையை முன்னே இழுத்தான்.

பக்கத்தை விட்டுவிட்டு, முகாம்களில் இருந்து வந்த மூலக் கோப்பையே திறந்து தேடினான். ஓர் ஆளுக்கு ஒரு வரி. சூசை சேவியர் மூன்று பேர். நடுவில் பத்தொன்பது வயது.

"அக்கா, மகன் இருக்கிறான். எங்கயும் போகேல்ல. எங்கட மெசின்தான் விழுங்கிப்போட்டுது."

விஷயம் இதுதான். நிரல் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெட்டி செய்து விவரத்தை அதற்குள் போடும். அதே பெயர் மறுபடி வந்தால் உள்ளே இருப்பவரை எறிந்துவிட்டுப் புதியவரை வைக்கும். முதல் நாள் இரவு புதுப் பெயர்கள் வந்து சேர்ந்ததில் அக்காவின் மகன் வெளியே விழுந்துவிட்டான்.

யாழ்ப்பாணத்தானான எனக்கு ஒரே பெயரில் மூன்று பேர் என்பது ஓர் அதிசயமான தற்செயலாகத் தெரிந்தது. அன்ரன் சிரித்தான். "இஞ்சத்தக் கத்தோலிக்கர் எல்லாரும் அதே புனிதர்மாரின்ர பேரைத்தானே வைக்கிறது. என்ர வகுப்பில ஆறு அன்ரன். நான் நெட்டை, ஒருத்தன் சோடாப்புட்டி, ஒருத்தன் பேக்கரி. பட்டம் இல்லாட்டி அம்மாவுக்கே ஆளைத் தெரியாது. உங்கட பெரியவர் பட்டம் போட இடம் விடேல்லயே."

பெட்டிக்குப் பெயரை எடுத்துவிட்டு, அவரவர் முகாம் பதிவிலக்கத்தைப் போட்டான். பின்னேரத்துக்குள் மூன்று சேவியர்களும் ஒருவருக்குக் கீழ் ஒருவராகத் திரையில் நின்றார்கள்.

அக்கா மகனின் வரியில் விரலை வைத்தா. எடுக்கவில்லை. பிறகு கேட்டா, "மற்ற ரெண்டு பேரையும் தேடி ஆரும் வந்தவையோ, தம்பி?"

எங்களுக்குத் தெரியவில்லை. தேடி வந்து, வேறு வயதைப் பார்த்து, நம்முடையவன் இல்லை என்று திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ...

அடுத்த ஞாயிறு, கோயில் பக்கமே போகாத அன்ரன் பள்ளிமுனைத் தேவாலயத்துச் சுவாமியாரிடம் போய் நின்றான். முன்பு வந்து பார்த்தவர்கள் எல்லாரும் இன்னொருமுறை வந்து பார்க்கட்டும் என்று பூசை முடிவில் சொல்ல வைத்தான். திங்கட்கிழமை எங்கள் கேற்றுக்கு வெளியே சனம்.

தலைமையக அறிக்கையில் அந்தத் திருத்தம் யார் பெயரில் போனது என்று கேட்காதீர்கள்.

அன்ரன் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கனடாவுக்குப் போகும்போது தேத்தண்ணிக் கடைக்காரரிடம் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஏன் என்று பார்க்காமல் எதையும் விடாத ஆள் எனக்கு மட்டும் ஒரு 'ஏன்' வைத்துவிட்டுப் போனான்.

செய்தி கேட்டதும் அவன் பெயரை இங்கே முகநூலில் தேடினேன். திரை நிறைய அன்ரன்கள். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்... அவனைக் காணவில்லை.

ரொறன்ரோவில் இருப்பவர்கள், அடக்கம் எங்கே எப்போது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். நெட்டை அன்ரன்தானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படு மச்சான்.