சன்னாசி மண்டோரின் கோடு

நம்பாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள். என் மனைவி கங்கா காப்பி தருவாள். நான் ஸ்டெத்தஸ்கோப் தருகிறேன். கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

1984 நவம்பர். அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கும் டிரஸர் நான்தான். பழைய இ.சி.ஜி. பெட்டி ஒன்று அங்கே வந்ததிலிருந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பழக்கம் முளைத்துவிட்டது. காகிதத்தில் நேர்கோடு வந்தால்தான் ஆள் செத்தது நிஜம். அதைக் கிழித்து, பிணத்தின் கையில் வைத்தே புதைப்பார்கள்.

அன்று மத்தியானம், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் சன்னாசி மண்டோர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விட்டார்.

"கோடு போடுங்கய்யா," என்றான் மகன் வீரன்.

போட்டேன். நேர்கோடு. கிழித்துக் கொடுத்தேன். அப்பாவின் கையில் வைத்தான்.

மணி 3.10. துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த கங்கா, ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்தாள். நாடி இல்லை.

வெளியே பேய்மழை. பாலம் தண்ணீருக்குள். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. நெஞ்சை அமுக்கினேன்.

"கங்கா... குழம்புல உப்பு இல்லேன்னு இனிமே சொல்லவே மாட்டேன்டி..."

சன்னாசி மேலிருந்த வயர்களைப் பிடுங்கி அவளுக்கு மாட்டினேன். சிவப்பு வலக்கை. மஞ்சள் இடக்கை. பச்சை இடக்கால். கறுப்பு வலக்கால். அமுக்கினால் ஊசி ஆடியது. கையை எடுத்தால்... நேர்கோடு.

"காகிதத்தைக் கிழிச்சிராதீங்கய்யா!" வீரன் கத்தினான்.

கிழிக்கவில்லை. அமுக்கினேன். பெட்டி கிர்ர்ர் என்று ஓடியது.

டக்...

கையை எடுத்தேன். ஊசி தானாக அசைந்தது.

சிறு மேடு. உடனே உயரமான கூர். பிறகு உருண்டை மேடு. ஒரு துடிப்பு என்றால் அதுதான். கூருக்கும் கூருக்கும் நடுவே நாலு பெரிய கட்டம். முந்நூறை நாலால் வகுத்தால் நிமிடத்துக்கு எழுபத்தைந்து. நல்ல துடிப்பு.

ஆனால்... குமிழைத் திருப்பி, இரண்டு கைகளுக்கிடையே எடுக்கும் முதல் படத்தைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ்.

கை வயர் மாறினால் அப்படி வரும். பார்த்தேன். மாறவில்லை. அப்படியானால் இதயம் வலப்பக்கம் இருக்க வேண்டும்.

பதினெட்டு வருஷமாக நான் தலை சாய்த்த நெஞ்சு அது. இடப்பக்கம்தான்.

இடப்பக்கம் ஸ்டெத் வைத்தேன்.

ஒன்றுமில்லை...

வலப்பக்கம்.

லப்... டப்.

மறுநாள் பட்டணத்தில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "பிறவியிலேயே இப்படி லா. புருஷன் டிரஸர், இதுகூடத் தெரியலையா?" என்றார்.

சன்னாசியின் பதினாறாம் நாள் கழித்து வீரன் வந்தான். அப்பாவின் பெட்டியில் கிடந்ததாம், அவர் பெயர் எழுதிய பழைய நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று. வெளிச்சத்தில் பிடித்தேன். மூலையில் இருந்த இட, வலக் குறியையும் பார்த்தேன்.

இதயம் வலப்பக்கம்.

"அன்னிக்கு... அப்பாவுக்குக் கோடு நேராத்தானே இருந்துச்சு?"

"நேராத்தான்டா."

"அக்கா நெஞ்சை ஒருக்கா கேக்கட்டுமாய்யா?"

ஸ்டெத்தைக் கொடுத்தேன். என்ன கேட்கிறான் என்று நாங்கள் கங்காவிடம் சொல்லவில்லை. அவளாகவே அதன் முனையை வாங்கி வலப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

"கேளுடா வீரா."

வெகுநேரம்... அவன் காதிலிருந்து எடுக்கவே இல்லை.