காருக்கடியில் வெளுத்த புல்

தென்காசி மெக்கானிக் நாறும்பூநாதன் யாரையும் லேசில் நம்பமாட்டார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, இஞ்சினில் வேகம் ஏற்றி, செங்கோட்டை மலைரோட்டில் விரட்ட வேண்டுமென்று அவருக்கு ஆசை. ஆனால் குறையே தெரியாத மூன்று கார்களை, “எங்கேயோ இடிக்குது” என்று வேண்டாமென்றுவிட்டார்.

1961-ஆம் வருஷம் நாலாவது கார் குற்றாலத்தில், ஒரு பங்களா முற்றத்தில் சாரலில் நனைந்து நின்றது.

“தினம் ஓட்டுத வண்டி அண்ணாச்சி. இன்னொரு கார்புரேட்டர் போட்டா பறக்கும்” என்றார் பங்களாக்காரர்.

நாறும்பூநாதன் பானெட்டைத் திறந்தார். இன்னொரு கார்புரேட்டருக்கு இடம் இருந்தது. பிறகு குனிந்து காருக்கடியில் பார்த்தார். சுற்றிலும் பச்சைப் பசேலென்றிருந்த புல், அங்கே மட்டும் வெளுத்துக் கிடந்தது.

“இது நவுந்து ஒரு மாசம் இருக்குமே!”

பங்களாக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. நாறும்பூநாதனுக்கோ உயிர் வந்தது.

“அப்பாடா! பொய் எங்கன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனி நம்பி வாங்கலாம்.”