உம்மா வரும்வரை பாங்கு வேண்டாம்

வாப்பா மௌத்தான பிறகு உம்மா இத்தாவில் இருந்தாள். விதவை வெளியே தலைகாட்டாமல் வீட்டோடு இருக்கவேண்டிய மாதங்கள் அவை. ஆனால் அடுப்புக்கு இத்தா உண்டா? விடியுமுன் எனக்கும் தம்பிக்கும் கஞ்சி வைத்துவிட்டு, தக்கலைச் சந்தைக்கு அரிசி அனுப்பும் வியாபாரி வீட்டில் நெல் அவிக்கப் போவாள். பிழைப்புக்காகப் பகலில் போகலாம், பொழுது அடைந்து மஃரிபு தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்குமுன் திரும்பிவிட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அதற்குக் காவல் இருந்தவர் வாப்பாவைப் பெற்ற உப்பா. மாலையானால் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஊரில் அவ்வளவு வேலையற்ற மனிதர் வேறு யாரும் இல்லை.

"மஃரிபு பாங்குக்குப் பொறவு நீ வெளியில நின்னா, பிள்ளைய ரெண்டையும் நான் கொண்டு போயிருவேன்" என்று ஒருநாள் உம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா இல்லாமல் உப்பா வீட்டில் எப்படித் தூங்குவது?

ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. களத்தில் காயும் நெல்லை மழைக்கு முன் வாரிக் குவிக்காமல் உம்மாவால் வரமுடியாது. சூரியன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. உப்பா தொண்டையைச் செருமினார். புறவாசல் வழியாகப் பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

பாங்கு சொல்லும் மோதினார் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கைலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"உம்மா இன்னும் வரல்ல. இன்னைக்குப் பாங்கு சொல்லாண்டாம்."

அவர் சிரிக்கவில்லை. "பேடிக்காத மக்கா. மேகம் மூடிக் கிடக்குல்லா, பொழுது அடைஞ்சாச்சான்னு நிச்சயம் இல்லாம எப்படிச் சொல்லுவேன்? நீ வீட்டுக்குப் போ."

நான் வீடு சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் உம்மா தொப்பலாக நனைந்து ஓடி வந்தாள். கைகளில் நெல் ஒட்டியிருந்தது. அவள் படியேறி உள்ளே வந்த பிறகுதான் பாங்கு கேட்டது.

"இன்னைக்குத் தப்பிச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு உப்பா தொழப் போனார். நான் உம்மாவின் ஈரச்சேலையை விடவே இல்லை.

உப்பாவுக்குச் சட்டம் முழுக்கத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு என்று அன்று நம்பினேன். தகப்பனில்லாத பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடுவது வசதியுள்ள பாட்டனின் கடமை என்று அதே சட்டம் சொல்வது, வளர்ந்து ஓதிப் படித்த பிறகே எனக்குத் தெரியவந்தது. எங்களுக்காக உம்மா ஊரார் நெல்லை அவித்த அந்த மாதங்கள் முழுவதும் உப்பாவின் பத்தாயம் நிறைய நெல் இருந்தது.