கரும்பச்சைச் சட்டை

ஆறு பேருக்கு வேலைச் சட்டை என்ன நிறத்தில் எடுக்கலாம் என்று முதலாளி என்னிடம் கேட்டபோது எனக்குப் பெருமை தலைக்கேறியது. கண்டியில் கூரைக்கும் ரோட்டுக்கும் மேலே சாய்கிற மரக்கிளைகளை வெட்டிக் கொடுக்கும் சின்னக் கம்பனி எங்களுடையது. ஆபீஸில் நான் ஒருத்திதான். கடிதம் அடிக்கிறவளிடம் முதல்முறையாக ரசனையைக் கேட்கிறார்கள்.

துணிக்கடையில் ஒவ்வொரு நிறமாகக் கழித்துக் கட்டினேன். நீலமும் சிவப்பும் கட்சி நிறம். தேர்தல் நேரத்தில் யார் வீட்டு மரத்தில் ஏறினாலும் வம்பு. செம்மஞ்சளை முதலாளியே வேண்டாம் என்றார். காவி உடுத்தவர்கள் நடமாடும் ஊரில் எங்கள் ஆட்கள் அந்த நிறத்தோடு கிளையில் தொங்கினால் நன்றாகவா இருக்கும்? வெள்ளை ஒரு நாளைக்குத் தாங்காது. கடைசியில் கரும்பச்சையைத் தொட்டேன். கட்சிப் பச்சை இல்லை, தேயிலைப் பச்சை. கறை தெரியாது, கண்ணுக்கும் குளிர்ச்சி.

சட்டை கொடுத்த அன்று, மரம் ஏறி வெட்டுகிற அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள், எல்லோரிலும் மூத்தவர்.

"மிஸ், பச்சை வேணாங்க. மேல இருந்து பாத்தா கீழ நிக்கிற ஆளு தெரியாதுங்க."

"தெரியாட்டி உங்களுக்கு நல்லதுதானே அண்ணே. புதருக்குள்ள படுத்துத் தூங்கலாம்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கீழே நின்று கயிறு பிடிக்கிறவர்தான் அதிகம் சிரித்தார். சட்டையை மார்போடு வைத்து, ஒளிகிற மாதிரிக் குனிந்தும் காட்டினார்.

நான்கு மாதம் கழித்து வத்தேகம ரோட்டில் ஒரு சரிவில் வேலை. "கீழ யாராச்சும் இருக்கீங்களா?" என்று அந்த அண்ணன் மேலேயிருந்து கேட்டிருக்கிறார். பக்கத்து மரத்தில் மெஷின் வாள் ஓடிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. குனிந்து பார்த்திருக்கிறார். மழையில் நனைந்த புதர்தான் தெரிந்தது. கிளையை வெட்டிவிட்டார். சிக்கிய கயிற்றை எடுக்கப் போன கயிற்றுக்காரர் அந்தப் புதருக்குள்தான் நின்றிருந்தார்.

செத்த வீட்டுக்குப் போனேன். தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகளுக்குப் பின்னால் துணிக்கொடி, அதற்கப்பால் தேயிலை. கொடியில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். காற்றடித்ததும் தேயிலைக்குள்ளிருந்து ஒரு கை அசைந்தது. கொடியில் தொங்கிய அவருடைய மாற்றுச் சட்டை.

அதன் பிறகு பச்சை என்னை விடவில்லை. பஸ் அந்தச் சரிவைத் தாண்டும்போதெல்லாம் புதருக்குள் ஒரு தோள் தெரியும். கிட்டப் போனால் இலை. ஆபீஸ் அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த சட்டையை எறியவும் பயம், வைத்திருக்கவும் பயம். எல்லாவற்றையும்விட அந்த அண்ணனைக் கண்டுதான் பயந்தேன். விசாரிக்க வந்தவர்களிடம்கூட அவர் என்னை இழுக்கவில்லை. ஆனாலும் அவர் படியேறும்போதெல்லாம், அன்றைக்கே சொன்னேனே என்று இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று அடிக்கிற கடிதத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

போன மாதம் புதுச் சட்டை வந்தது. கண்ணைக் குத்துகிற எலுமிச்சை மஞ்சள், முதலாளியே எடுத்தது. அதை வாங்கக் கடைசியாக அந்த அண்ணன் வந்தார். வேறு யாரும் இல்லை. இனித் தாங்காது என்று நானே வாயைத் திறந்தேன்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னீங்கதானே..."

அவர் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டேனுங்க மிஸ். ஆபீஸ்ல இருக்கிற உங்களுக்கு எப்பிடித் தெரியும்? மரம் ஏறுறவன் நான். இன்னொரு தடவ சொல்லியிருக்கணும். நானும் சேந்துல்ல சிரிச்சேன்."

இல்லை அண்ணே, பிழை என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இவ்வளவு நாள் பயந்தது வரவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்தச் சரிவு வரும்போது புதருக்குள் யாரும் தெரிவதில்லை. மேலே மரத்தில் அந்த அண்ணன் தெரிகிறார். கீழ யாராச்சும் இருக்கீங்களா என்று குனிந்து கேட்கிறார். நான் பதில் சொல்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.