ரங்கூனிலிருந்து வந்த இன்சைட் லெஃப்ட்

இந்த ஊரில் மழை வந்தால் பந்தாட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். வந்த முதல் வருடம் இதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். லேசாகத் தூறல் விழுந்ததும் ரெஃப்ரி விசில் ஊதினார். இரண்டு பக்கத்து ஆட்களும் பந்தை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடினார்கள். கூட்டம் கலைந்தது. இனிமேல்தான் ஆட்டம் ஆரம்பமாகப் போகிறது என்று நான் மட்டும் குடையை விரித்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். ரங்கூனில் பந்தாட்டம் என்பதே மழைக்கால விளையாட்டு. வானம் கறுக்கும்வரை பந்து வீட்டு மூலையில் கிடக்கும். புதுக்கோட்டையில் பங்குனி, சித்திரை வெயிலில், சரளையும் செம்மண்ணும் இறுகிப்போன தரையில் ஆடுகிறார்கள். விழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. இங்குள்ள யாருக்கும் இதில் விசித்திரம் எதுவுமில்லை. என்னைப்போலக் கப்பலேறி வந்தவர்களுக்கும், இன்னும் பர்மாவிலேயே இருக்கும் நண்பர்களுக்கும்தான் நான் சொல்வது புரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதாமல் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

என் தகப்பனார் திருமயத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரங்கூனுக்குக் கணக்கெழுதப் போனவர். நான் பிறந்தது அங்கே. படித்து, தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, மனைவியையும் அங்கேயே இழந்து, ராணுவ ஆட்சி வந்து எங்களில் பலரை வெளியேற்றியபோது, அறுபது வயதுக்குமேல் ஒரு டிரங்குப் பெட்டியோடு மதராஸ் துறைமுகத்தில் இறங்கினேன். சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள் என்றார் அங்கிருந்த அதிகாரி. நான் திரும்பவில்லை, முதன்முறையாக வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றதால் சொல்லவில்லை. புதுக்கோட்டையில் ஒரு பஸ் முதலாளிக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. ஊரையொட்டிய திருக்கோகர்ணத்தில் ஓர் அறை. மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் கடைக்குப் போனால் "பர்மாக்காரருக்கு என்ன வேணுமாம்" என்று என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள்.

சபாபதி என்னோடு அதே கப்பலில் வந்த இளைஞன். ரங்கூனில் இன்சைட் லெஃப்ட் ஆடியவன். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்று, கோல் போடுகிறவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற இடம் அது. முதலாளி தம் பஸ் கம்பெனியின் பெயரில் ஒரு பந்தாட்டக் குழு வைத்திருந்தார். ஆட்டக்காரர்களுக்கு பஸ்களைப் பழுதுபார்க்கும் செட்டில் வேலை கொடுப்பார். நான் அவனைப் பற்றிச் சொன்னேன். டயர் கழற்றி மாட்டும் வேலையும் செட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்தன. அந்த அறைக்குத் தன் மனைவி மீனாட்சியைக் கூட்டி வந்தான். ஆட்டம் சரியாக இருக்கும்வரை வேலை, வேலை இருக்கும்வரை அறை. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அவன் ரங்கூனில் ஆடியதை நான் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். கணுக்கால் சேற்றில் மற்றவர்கள் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவன் தலை நிமிராமல் யாருமே இல்லாத ஓர் இடத்துக்குப் பந்தைத் தள்ளுவான். அது வழுக்கிக்கொண்டே போய், தண்ணீர் தேங்கிய இடத்தில் சட்டென்று நின்றுவிடும். ஓடிவரும் விங்கருக்கு அது அங்கே காத்துக்கொண்டிருக்கும். தமிழர், பர்மியர், சீனர் எல்லோருமாக "கௌன்டே, கௌன்டே" என்று கத்துவார்கள். பிரமாதம் என்று சொல்வதற்கு எங்களுக்கு அங்கே இருந்த சொல் அதுதான். அதே காலால், அதே அளவில், புதுக்கோட்டையில் அவன் தள்ளிய பந்து சரளையில் எங்கும் நிற்காமல் உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. அவன் பலத்தைக் குறைத்துப் பார்த்தான். பந்து கல்லில் பட்டு எகிறியது. அந்தக் கோடை முழுவதும் தன் கால்களையே அவன் சந்தேகத்தோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

அறந்தாங்கிக் குழுவிடம் தோற்ற மறுநாள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ராவுத்தர் டீக்கடையில் தீர்ப்பு நடந்தது. ராவுத்தர் பாலை ஆற்றியபடியே பேசுவார். குழுவுக்குச் சட்டை தைத்துக்கொடுக்கும் மாணிக்கம் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து அவருக்கு ஈடுகொடுப்பார். அன்று ராவுத்தர் என்னைக் கண்டதும், "நம்ம வாத்தியாருக்கு எடம் விடுங்கப்பா" என்றார். இத்தனை நாளில் ஒருமுறைகூட அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. நான் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன்.

"கடைசியா ஒரு பந்து கொடுத்தானே, யாருக்குய்யா அது? அங்கிட்டு ஒரு எருமைதான் நின்னுச்சு" என்றார் மாணிக்கம்.

"எருமைக்குத்தான் கொடுத்தான். அது ஆஃப்சைடுல போயி நின்னுருச்சு."

"கோலுக்கு நேரா நிக்கிறான். அடிடான்னு ஊரே கத்துது. இவன் பக்கத்துல இருக்கறவனுக்குத் தாம்பூலம் மாதிரி நீட்டுறான். நான் தச்ச சட்டையில ஒரு அழுக்கு இல்லைங்க. வெளுக்காமலே பொட்டியில வச்சிரலாம்."

"ஆனா ஒண்ணு. பந்தை நெஞ்சுல வாங்கி எறக்குறான் பாரு, அந்த அழகு இந்த ஜில்லாவுல எவனுக்கும் வராது" என்றார் ராவுத்தர். "அதுக்கப்புறம் என்ன செய்யிறதுன்னுதான் அவனுக்கு வெளங்கலை."

அந்த நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். அவர் கையமர்த்திவிட்டு நேராக என்னிடம் கேட்டார். "ஏன் வாத்தியாரே, அங்க இவன் ஆட்டத்தைப் பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். இன்னும் ஒரு வருசம் வச்சுப் பாக்கலாமா? நீங்க சொன்னா சரி."

தரைதான் வேறு, ஆள் அதே ஆள், ஒரு வருடம் பழகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அது உண்மை, அது எனக்குத் தெரியும், சொல்வதற்கு மூச்சு அதிகம் செலவாகாது. ஆனால் பெஞ்சிலிருந்த அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவனுக்காகப் பேசினால் பர்மாக்காரனுக்குப் பர்மாக்காரன் பேசுகிறான் என்பார்கள். நான் சொன்னேன்: "அங்கயும் இப்படித்தாங்க. சேத்துல மத்தவங்க எல்லாம் வழுக்கி விழுவாங்க. இவன் விழாம நிப்பான். அதனால நல்லா ஆடற மாதிரி தெரியும்." கடை முழுவதும் சிரித்தது. மாணிக்கம் என் தொடையில் தட்டினார். முதலாளியும் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். நான் சொன்னதற்கு இந்த ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று டீ எவ்வளவு ருசியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் செட் மேனேஜர் அறையைக் காலி செய்யச் சொன்னார். மீனாட்சிக்கு அப்போது ஐந்தாவது மாதம். சபாபதி இந்தப் பக்கத்தில் வேறு வேலை தேடவில்லை. மணிப்பூர் எல்லையில் ஓர் ஊர் இருக்கிறதாம், நம்மவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்களாம், சமயம் பார்த்துக் காட்டு வழியாக நடந்தால் பர்மாவுக்குள் போய்விடலாமாம். இப்படி யாரோ சொன்னதை நம்பி டிரங்குப் பெட்டியைக் கட்டினான். நான் அந்த நாட்களில் ஓரிடத்தில் உட்காரவில்லை. திருக்கோகர்ணத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். டீக்கடை தெரிந்ததும் திரும்புவேன். செட் வாசல்வரை போய், முதலாளியைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட நினைத்து, வெயிலில் நின்றுவிட்டு வருவேன்.

மத்தியானப் பாசஞ்சரில் அவர்கள் கிளம்பினார்கள். ராவுத்தர் ஒரு பொட்டலத்தில் வடை கொடுத்தனுப்பியிருந்தார். மாணிக்கம் மாலையோடு வந்திருந்தார். ஆட்டத்தைத் திட்டினாலும் ஆளை மாலை போட்டு அனுப்பும் வழக்கம் இவர்களுக்கு உண்டு. மாணிக்கம் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனபோது, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலாளியிடம் என்ன சொன்னேன் என்பதைச் சபாபதியிடம் சொன்னேன்.

"தெரியும் சயா" என்றான். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்போம். "அன்னைக்குச் சாயந்தரமே செட்ல சொல்லிச் சிரிச்சாங்க."

"ஏன் என்னை வந்து கேக்கலை?"

"கேட்டு என்ன சயா. நீங்களும் இங்க இருந்தாகணுமில்ல."

அவன் அதைக் கோபமில்லாமல் சொன்னான். மீனாட்சி ஜன்னலுக்குக் குனிந்து, "நீங்களும் வந்துருங்க சயா. நடக்க முடியாத எடத்துல இவர் உங்களைத் தூக்கிட்டு வருவார்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே அழைத்தாளா, தெரியவில்லை. கூஜாவோடு திரும்பிவந்த மாணிக்கம் அதைக் கேட்டுவிட்டு, "வாத்தியார் எங்கம்மா அங்கிட்டு வர்றது. அவரு எங்க ஊரு ஆளு" என்றார். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அந்தப் பெஞ்சில் அப்படிப் பேசினேன். கிடைத்துவிட்டது. வண்டி நகர்ந்தது. கையை எடுக்க வேண்டுமென்று தோன்றவில்லை. கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். மேடையின் சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. "விடுங்க சயா, விழுந்துருவீங்க" என்று சபாபதி உள்ளேயிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஓடிவந்த மாணிக்கம் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்.