புலிக்கு மூன்று கொட்டேஷன்

புலியைப் பார்ப்பதற்கும் சிறப்பு தரிசன டிக்கெட் உண்டு என்று ஐம்பத்து நான்கு வயதில் நான் நம்பியிருந்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் விரிவாகச் சொல்வாள்.

திருப்பதிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனின் மூளை அப்படித்தான் அமைந்துவிடுகிறது. மலைமேல் இலவச வரிசை என்றால் கம்பிக் கூண்டுக்குள் அரை நாள் போய்விடும். முந்நூறு ரூபாய் டிக்கெட் என்றால் சில மணி நேரம். எம்.எல்.ஏ. லெட்டர் கிடைத்துவிட்டால் நிலையே வேறு. சாமியின் நகை வேலைப்பாடு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை போகலாம். காசும் சிபாரிசும் ஏற ஏற, பார்க்க வேண்டியது கிட்டே வரும். இந்த விதி ஓரிடத்துக்கு மட்டும் உரியது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

புலி விவகாரம் மனைவியால் வந்தது. அவள் விஜயபுரம் பக்கம் அரசுப் பள்ளியொன்றில் தமிழ் மீடியம் டீச்சர். மூன்றாம் வகுப்பில் காட்டு விலங்குகள் பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நீங்க காட்டுல புலிய பாத்து கீறீங்களா?" என்று கேட்குமாம். இல்லை என்று சொல்லிச் சொல்லியே சர்வீஸ் முடியப் போகிறது. இந்தக் கோடையில் விருப்ப ஓய்வு. அதற்குள் ஒரு தடவையாவது 'ஆமாம்' என்று சொல்லிவிட வேண்டும், அதுவும் பொய்யில்லாமல், என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டவை குறைவு. அவற்றில் நான் நிறைவேற்றியவை அதைவிடக் குறைவு. இதை முடித்தே தீருவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

எனக்கு வேலை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில். அட்டைப்பெட்டி வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். புலிக்கும் அதையே செய்தேன். மைசூருக்கு அப்பால் ஒரு காடு. பொங்கல் லீவில் மூன்று நாள்.

முதல் கொட்டேஷன்: அருகிலிருக்கும் சிற்றூரில் லாட்ஜ், காலையில் பக்கெட்டில் வெந்நீர், வனத்துறை பஸ்ஸில் சஃபாரி. மொத்தச் செலவு எங்கள் வீட்டு ஒரு மாத மளிகையைத் தாண்டாது. இரண்டாவது: காப்பித் தோட்டத்து வீடொன்றில் தங்கல், வீட்டுச் சாப்பாடு, நாலு பேரோடு சேர்ந்து ஜீப். இது ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் விலை. மூன்றாவது: ஏ.சி. போட்ட கூடாரம், உள்ளே குளியல் தொட்டி, தனி ஜீப், விலங்குகளைப் பற்றி விளக்க ஓர் ஆள். விலையைப் பார்த்ததும் பரவாயில்லையே என்றிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒருவருக்கு, ஓர் இரவுக்கு, வரி தனி, கேமராவுக்குத் தனி என்று போட்டிருந்தது. கூட்டிப் பார்த்தால் என் பழைய பைக்கை விற்று, அதை வாங்கினவனிடம் கைமாற்றும் கேட்க வேண்டியிருக்கும்.

இருந்தாலும் மூன்றாவதையே தேர்ந்தெடுத்தேன். விதி தெரிந்தவன் அல்லவா. மனைவிக்குப் புலி கிட்டே தெரிய வேண்டும். கூடாரக்காரர்களுக்கு போன் போட்டேன். எடுத்த பெண் பெங்களூர்த் தமிழில் மரியாதையாகப் பேசினார். அந்த பேக்கேஜில் புலிக்கு எவ்வளவு கிட்டே கூட்டிப் போவீர்கள், மற்றவர்களுக்கு முன்னால் எங்களை விடுவீர்களா, சித்தூர் ஜில்லா எம்.எல்.ஏ. ஒருவரிடமிருந்து லெட்டர் வாங்கி வந்தால் ஏதாவது உபயோகப்படுமா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சார், கேட் எல்லாருக்கும் ஒண்ணுதான். தொறக்கற டைமும் ஒண்ணுதான். பாத்டப் மட்டும்தான் எங்களுது, புலி எங்களுது இல்ல."

வியாபாரத்தில் இவ்வளவு உண்மை பேசுகிறவரை எங்கள் பர்ச்சேஸ் பிரிவில் நான் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டு மூன்று கொட்டேஷனையும் மறுபடி எடுத்தேன். இதுவரை நான் ராத்திரிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வாங்கப் போனதோ காட்டுக்குள் நுழையும் வாய்ப்பு. ஒரு நுழைவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தபோது எல்லாம் தலைகீழாயிற்று. கூடாரத்தில் ஒரே ஒரு சஃபாரிக்கு ஆகிற செலவில், லாட்ஜில் தங்கி மூன்று நாளும் காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் போய்வரலாம். திரும்பும் வழியில் மைசூரில் அவளுக்கு ஒரு பட்டுப்புடவையும் எடுக்கலாம். கணக்கை மனைவியிடம் காட்டினேன்.

"நான் படுக்கவா போறேன் அங்க? பஸ்ஸே போதும். கியூல நிக்கணும்னா நிக்கறேன். நமக்கு இன்னா அது புதுசா?"

பஸ் டிக்கெட்டுக்கு விடியுமுன் கவுன்ட்டரில் நிற்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் அலுத்துக்கொண்டு உட்கார இடம் தேடினார்கள். நாங்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கையும் புளிசாதப் பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவரின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றோம். இதற்காகவே வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

முதல் நாள் மான். இரண்டாம் நாளும் மான், கூடவே மயில், எங்கள் பஸ்ஸைச் சட்டை செய்யாத ஒரு யானை. லாட்ஜ் கட்டிலில் நடுவே பள்ளம். இருவரும் அதற்குள் உருண்டு போய் விழுந்துகொண்டிருந்தோம். குளியல் தொட்டியை நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இனி மான் வந்தால் தன்னை எழுப்ப வேண்டாம் என்று சொன்ன மனைவி, ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை.

கடைசி நாள் மாலை, குட்டை ஒன்றின் ஓரத்தில் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி என்ஜினை அணைத்தார். முன்னால் ஏற்கெனவே கூடாரக்காரர்களின் ஜீப் ஒன்று நின்றிருந்தது. மடியில் கம்பளி, கையில் தொலைநோக்கி. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு பஸ் நீளம்தான் வித்தியாசம். புதருக்கு அப்பால் மூங்கில் நிழலில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி புலி படுத்திருந்தது.

நான் ஜன்னலோரம். முதுகின் கோடுகள் தெரிந்தன. கை தானாகக் கூப்பிக்கொண்டது. இரண்டு மூச்சு பார்த்திருப்பேன். உடனே பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டேன். மலைமேல் மாதிரி யாரும் ஜருகண்டி, நகருங்கள் என்று சொல்லவில்லை. தோளில் கை வைத்துத் தள்ள ஆளும் இல்லை. ஆயுள் முழுக்கத் தள்ளப்பட்டவனுக்குத் தள்ளும் ஆள் தேவைப்படுவதில்லை. தவறு புரிந்து திரும்பியபோது என் ஜன்னலை ஒரு குடும்பமே நிரப்பியிருந்தது. அவர்களுடைய அக்குள் வழியாக ஒரு வால் நுனி கிடைத்தது.

மனைவி மட்டும் நகரவில்லை. முன் ஜன்னலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். யாரோ ஓர் அம்மா கன்னடத்தில் இடம் கேட்டபோது, அந்த ஒரு மொழி மட்டும் தனக்குப் புரியாது என்பதுபோல இருந்துவிட்டாள். புலி எழுந்து, சோம்பல் முறித்து, மூங்கிலுக்குள் போய் மறையும்வரை முழுசாகப் பார்த்தாள். பஸ் கிளம்பிய பிறகும் கம்பியை விடவில்லை. கண்ணைத் துடைக்கக் கை வேண்டியிருந்தபோதுதான் விட்டாள்.

பள்ளி திறந்த அன்று அவளுடைய பாடத்திட்டத்தில் புலி இல்லை. ஆனாலும் புலியைத்தான் நடத்தியிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன். படுத்திருந்தது, எழுந்தது, நடந்தது எல்லாம் சொன்னாளாம். வகுப்பே வாயைத் திறந்தபடி கேட்டதாம். கடைசியில் முதல் பெஞ்சுப் பெண் ஒன்று எழுந்து, அது உங்களைத் திரும்பிப் பார்த்ததா என்று விசாரித்திருக்கிறது. பொய் சொல்லக் கூடாதென்று இவள், இல்லை என்றிருக்கிறாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, மிகுந்த அனுதாபத்தோடு சொன்னதாம்:

"அப்டினா நீங்க அவ்ளோ தூரம் போனது அதுக்குத் தெரியவே தெரியாது, டீச்சர்."