வெள்ளைக் கல் மேடை

சிதம்பரத்தில் நாங்கள் வீடு கட்டியது இரண்டாயிரத்துப் பத்தில். பூச்சு வேலை முடிவதற்குள்ளேயே, சமையல் மேடைக்கு என்ன கல் போடுவது என்பதில் எனக்கும் என் கொழுந்தன் பெண்டாட்டிக்கும் முட்டிக்கொண்டது. அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷன் துபாயில். அப்பா அம்மா இல்லை. காட்டுமன்னார்கோயிலில் அண்ணன் வீட்டில் அவள் வேண்டாத விருந்தாளி. எங்கள் வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

கடலூர்க் கடையில் என் மாமியார் இரண்டு கல்லையும் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்று கறுப்பு கிரானைட், மலையில் வெட்டி எடுத்தது. இன்னொன்று கல்தூளைப் பசையோடு சேர்த்துத் தொழிற்சாலையில் அழுத்திய வெள்ளைக் கல். கறை பிடிக்காது, பளபளவென்று இருக்கும். "ஆனா சூடான பாத்திரத்த நேரா வச்சிடாதீங்கம்மா, தாங்காது" என்றார் கடைக்காரர்.

"கிரானைட்டே போடலாங்கா. நம்ம வீட்டுல தோசக்கல்லு, வாணலி எல்லாம் எறக்கி அப்படியேதான வைக்கிறோம்" என்றாள் அவள்.

சரியான பேச்சுதான். அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடப்பாக்கல்லத் தாண்டி எதையும் பாக்காதவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?" என்றேன், கடைக்காரர் முன்னாலேயே. அவள் முகம் சுண்டிப்போனது. மாமியார் சிரித்தார். வெள்ளைக் கல்லே வந்து இறங்கியது.

கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கியதும் பந்திக்கு வடை சுட நின்றேன். கடைசி ஈடு எடுத்ததும் எண்ணெய்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, இருபது வருஷப் பழக்கத்தில் பக்கத்து மேடைமேல் வைத்தேன். 'டிக்' என்றொரு சத்தம். தூக்கிப் பார்த்தால் வட்டமாகப் பழுப்பு, நடுவே மெல்லிய விரிசல். அடிப்பாவி! ஒரு தலைவாழை இலையை எடுத்து மூடினேன். திரும்பினால் நிலைப்படியில் அவள், தண்ணீர்க் குடத்தோடு.

சாயங்காலம் இலையை எடுத்த மாமியார் போட்ட கூச்சலில் உறவுக்கூட்டம் முழுக்க அடுப்படிக்கு வந்துவிட்டது. பால் காய்ச்சின அன்றே மேடை பிளந்தால் குடும்பம் பிளக்கும் என்று ஒரு சித்தி வேறு எடுத்துக்கொடுத்தாள்.

"யாருடி சட்டிய வச்சது?" என்றார் மாமியார்.

"கடைசி ஈட்டுக்கு நான் பந்தியில பரிமாறப் போயிட்டேன் அத்த. சின்னவதான் இங்க நின்னா" என்றேன். நாக்கு கூசவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அழுத்தக்காரி, தரித்திரம், விளங்காத கை என்று மாமியார் ஐந்து நாள் அர்ச்சனை செய்தார். அவள் போட்ட காபியைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். ஆறாம் நாள், அண்ணன் வீட்டோடு போய் இரு என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்திலேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

துணிப்பையோடு அவள் அடுப்படிக்கு வந்தாள். "நீங்களே சொல்லிடுவீங்கன்னுதாங்கா இத்தன நாளு பேசாம இருந்தேன். இப்பவாவது ஒரு வார்த்த சொல்லுங்க. அங்க போனா என்னை உள்ளகூட வுட மாட்டாங்க."

மாமியார் கூடத்தில்தான் இருந்தார், கூப்பிடு தூரத்தில். மனசு ஒரு கணம் அடித்துக்கொண்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் போய்விட்டால் அடுப்படி முழுக்க எனக்குத்தான் என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பத்து மணிக்கு டவுன் பஸ் இருக்கு. அத வுட்டா மத்தியானந்தான்" என்றேன்.